குனிய முடியாதவரின் ரோட் பைக்: வலிக்கும் இடமும் திருக வேண்டிய இடமும்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் விடிந்ததும் புறப்படும். ஏழெட்டுப் பேர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், தோட்டத்து லயத்தில் பிறந்து தாமான் குடியிருப்புக்கு வந்தவர்கள். லிந்தாங் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்துக்குள் நுழையும் சாலையில் ஒரு சுற்று. தெம்பு இருந்தால் பழைய பெருஞ்சாலை வழியாகக் கோலகங்சார் வரை. அங்கே 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. எங்கள் தாத்தாக்களைக் கப்பலேற்றிய மரம் என்று அதன் அடியில் நின்று ஒரு படம். திரும்பியதும் மாமாக் கடையில் தே தாரிக். அந்த மேசையில் அரசியலைவிட இடுப்பு வலிதான் அதிகம் பேசப்படும்.

பேசாமல் எப்படி? சிறு வயதில் நாங்கள் ஓட்டியது பால் வாளி கட்டும் கேரியர் சைக்கிள். ஹேண்டில் நெஞ்சை நோக்கி வளைந்து வரும். துரை மாதிரி நிமிர்ந்து உட்காரலாம். அப்புறம் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டு, செம்பனைக் குலை வெட்டு, லாரி ஓட்டம், கிராணி நாற்காலி. இத்தனைக்கும் பிறகு, சீட்டைவிடத் தாழ்ந்த ஹேண்டில் வைத்த பந்தய வண்டியில் ஏறிக் குனி என்றால் உடம்பு கேட்குமா?

இந்தக் கூட்டத்தில் பத்து வருடமாக ஆலன் சாவியோடு அலைபவன் என்ற முறையில் எழுதுகிறேன். ரோட் பைக்கில் வலிக்கும் இடமும் தப்பு நடந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கை மரத்தால் கையுறை வாங்குகிறோம், பின்புறம் வலித்தால் மெத்தை சீட் வாங்குகிறோம். காசு போகும், வலி போகாது.

தொடங்கும் முன்

4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், ஒரு டேப் அளவி, கைப்பேசியில் மட்டம் பார்க்கும் வசதி, கொஞ்சம் கறுப்பு ஒட்டு டேப். இவை போதும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. கார்பன் வண்டி என்றால் கட்டாயம் வேண்டும்.

இப்போது இருக்கும் அளவுகளை முதலில் எழுதி வையுங்கள். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கிச் சுழலும் கை, அதன் சுழல் மையத்திலிருந்து சீட்டின் மேல்தளம் வரை, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில் வரை, தரையிலிருந்து ஹேண்டில் வரை. சீட் தடி சட்டகத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். இனி ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதுவும் 5 மி.மீ. அளவில். இரண்டு முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. ஒரே மாலையில் நாலு திருகையும் திருகியவர் எது உதவியது, எது கெடுத்தது என்று சொல்லவே முடியாது.

உங்கள் உடம்பு எவ்வளவு இறுக்கம் என்றும் பார்த்துவிடுங்கள். தரையில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலைத் தூக்குங்கள். செங்குத்துக்குப் பக்கத்தில் போனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 60 டிகிரியிலேயே தொடையின் பின்தசை இழுத்தால் எங்கள் கூட்டத்துக்கு வரவேற்கிறேன். அடுத்து, ஒரு முட்டியை மடக்கி நெஞ்சை நோக்கி இழுங்கள். எந்த இடத்தில் கீழ் முதுகு தரையில் உருள ஆரம்பிக்கிறதோ அதுதான் உங்கள் இடுப்பு மூட்டின் எல்லை. பெடல் மேலே வரும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த எல்லை சோதிக்கப்படுகிறது. கீழே நான் சொல்லும் பாதி விஷயம் இந்த ஒரு எல்லையைத்தான் சுற்றி வரும்.

கை மரத்துப் போகிறது

எங்களில் மூத்த அண்ணன் ஒருவர். “தம்பி, லாசா முனைக்கு வர்றதுக்குள்ள கை எனக்கே சொந்தமில்ல” என்பார். ஜெல் வைத்த கையுறை வாங்கினார், ஹேண்டிலுக்கு இரட்டைச் சுற்று டேப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்துச் சீட்டில் கைப்பேசியை வைத்துப் பார்த்தேன். மூக்கு 5 டிகிரி கீழே.

ஏன் அப்படி? விசாரித்தால் கதை பின்னோக்கிப் போனது. ஹேண்டில் அவருக்கு ரொம்பத் தாழ்வு. எட்டிப் பிடிக்கும்போது உடம்பின் பாரம் சீட்டின் முன்பகுதிக்கு வந்து கவட்டில் அழுத்தியது. வாங்கிய கடையில் போய்ச் சொன்னார். மூக்கை இறக்கிக் கொடுத்தார்கள். கவட்டு வலி குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் சறுக்குமரத்தில் உட்கார்ந்த மாதிரி முன்னால் வழுகிக்கொண்டே இருந்தார். வழுகுகிற உடம்பைத் தடுத்து நிறுத்தியது இரண்டு உள்ளங்கைகள். அதாவது கை மரத்ததற்குக் காரணம் சீட், சீட் சாய்ந்ததற்குக் காரணம் ஹேண்டில். ஹேண்டிலை 2 செ.மீ. உயர்த்திச் சீட்டை மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். கையுறையை இப்போது அவர் மகன் போட்டுக்கொள்கிறான்.

நீங்கள் பார்க்க வேண்டிய வரிசையும் அதுதான். சீட் மட்டமாக இருக்கிறதா? 1, 2 டிகிரி கீழே இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அடுத்து, சமதளத்தில், ஆளில்லாத இடத்தில், மிதமான வேகத்தில் மிதித்துக்கொண்டே ஹூட் என்கிற பிரேக் ரப்பர் பிடியிலிருந்து கையை ஒரு விரல்கடை தூக்குங்கள். முகம் ஹேண்டிலை நோக்கி விழப் பார்த்தால் பாரம் முன்னால் அதிகம் என்று அர்த்தம். சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளிப் பார்க்கலாம். அப்படித் தள்ளினால் ஹேண்டில் எட்டாமல் போகும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பின்தொடை இறுக்கமானவர்கள் இதை அளவோடு செய்ய வேண்டும். தீர்வு பெரும்பாலும் ஹேண்டிலை மேலேயும் கிட்டேயும் கொண்டுவருவதில்தான் இருக்கிறது.

எந்த விரல் என்பதும் தகவல்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரம் நசுங்குகிறது. கட்டைவிரல் பக்கம் மரத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து கிடக்கிறது. ஹேண்டிலைக் கொஞ்சம் சுழற்றி ஹூட்டை மேலே கொண்டுவந்து, முன்கையும் கையும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். முழங்கையைப் பூட்டி வைக்காதீர்கள். வண்டியை விட்டு இறங்கி மறுநாளும் விரலில் உணர்வு வராமலோ, பிடி தளர்ந்தோ இருந்தால் அது சாவிக்காரன் வேலையில்லை, டாக்டரிடம் போங்கள்.

கீழ் முதுகு பிடிக்கிறது

இடுப்பெலும்பு முன்னால் உருண்டு கொடுத்தால் முதுகு நேராகச் சாயும். பின்தொடைத் தசை இறுக்கமாக இருந்தால் அது இடுப்பெலும்பைப் பின்னால் பிடித்து இழுக்கும். அப்போது ஹேண்டிலை எட்டக் கீழ் முதுகுதான் வில்லாக வளைய வேண்டும். அந்த வளைவில் ஒரு மணி நேரம் மிதித்தால் முதுகு முறையிடாமல் என்ன செய்யும்?

முதலில் சீட் உயரம். அதிகமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாது. தொடக்க அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு புத்தகத்தைக் கவட்டு வரை அழுத்தித் தூக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் ஏறக்குறைய 69 செ.மீ.; கிராங்கின் மையத்திலிருந்து சீட் மேல்தளம் வரை அவ்வளவு. இறுக்கமான உடம்புக்கு அதிலிருந்து 5 மி.மீ. குறைத்தே தொடங்கச் சொல்வேன். கணக்குப் பிடிக்காதவர்கள் குதிகாலைப் பெடலில் வைத்துப் பாருங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது கால் அப்போதுதான் நேராக வேண்டும்.

சீட் சரியானால் அடுத்தது ஹேண்டில். எங்கள் வயசுக்காரர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தடி மேலே வரும்; அதோடு ஹேண்டிலைப் பிணைக்கும் துண்டுதான் ஸ்டெம். ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள், அதாவது ஸ்பேசர்கள், சும்மா உட்கார்ந்திருக்கின்றனவா? அவற்றைக் கீழே மாற்றினாலே போதும், செலவு ஒன்றுமில்லை. ஸ்டெம்மின் பக்கவாட்டுத் திருகு இரண்டையும் தளர்த்தி, தலைமூடியைக் கழற்றி, ஸ்டெம்மை உருவி, வளையங்களைக் கீழே போட்டு, ஸ்டெம்மை மாட்டுங்கள். ஃபோர்க் தடியின் நுனி மேல் விளிம்பிலிருந்து 2, 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடி அழுத்தாது. இப்போது முதலில் மூடித் திருகை மெதுவாக இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக் டக்’ என்ற ஆட்டம் போனதும் நிறுத்துங்கள். முன்சக்கரத்தோடு நேர் பார்த்து, அதன் பிறகே பக்கவாட்டுத் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்டெம்மிலேயே அளவு அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, மூடித் திருகைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கி மரை போனவர்கள் எங்களிலேயே இரண்டு பேர்.

இன்னும் உயரம் வேண்டுமா? ஸ்டெம்மைக் கவிழ்த்து மாட்டுங்கள். கீழ்நோக்கி 6 டிகிரியில் இருக்கும் 100 மி.மீ. ஸ்டெம்மைக் கவிழ்த்தால் ஹேண்டில் ஏறக்குறைய 2 செ.மீ. உயரும், அரை செ.மீ. கிட்டேயும் வரும். அதுவும் போதாதென்றால் 80 மி.மீ. ஸ்டெம், 17 டிகிரி ஏறும் ஸ்டெம், நடுவில் மேடு வைத்த ஹேண்டில் என்று சந்தையில் இருக்கின்றன. பார்க்க அழகில்லை என்று ஒரு தம்பி சிரித்தான். 40 கிலோமீட்டர் தாண்டி யார் முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

எச்சரிக்கை மூன்று. கார்பன் ஃபோர்க் தடிக்கு ஸ்டெம்மின் கீழே எவ்வளவு வளையம் போடலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார், அதை மீறாதீர்கள். ஹேண்டில் உயர்ந்த பின் இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக் கம்பி விறைத்தால் நீளம் மாற்ற வேண்டும். கம்பிகள் ஸ்டெம்முக்கு உள்ளேயே ஓடும் புது வண்டி என்றால் வீட்டில் கைவைக்க வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். ஆ, பழைய இரும்பு வண்டிகளில் ஸ்டெம் குழாய்க்குள் இறங்கியிருக்கும். அதில் கோடு ஒன்று கீறியிருப்பார்கள், அந்தக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தக் கூடாது.

முதுகுவலி காலுக்கு மின்சாரம் மாதிரி இறங்கினாலோ, கவட்டில் உணர்வு போனாலோ, சிறுநீரில் கட்டுப்பாடு தளர்ந்தாலோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு உடனே மருத்துவமனை.

முட்டி வெளியே விரிகிறது, தொடை வயிற்றில் இடிக்கிறது

தொப்பைதான் காரணம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். தொப்பைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒல்லியான ஓர் அக்கா எங்கள் கூட்டத்தில் ஓட்டுகிறார், அவருக்கும் முட்டி தவளை மாதிரி விரியும். பெடல் உச்சிக்கு வரும்போது இடுப்பு மூட்டு மடங்க இடமில்லை. ஆகவே முட்டி பக்கவாட்டில் வழி தேடுகிறது. தரையில் படுத்துச் செய்த இரண்டாவது சோதனையை நினைத்துப் பாருங்கள்.

ஹேண்டிலை உயர்த்தினால் பாதி சரியாகும். மீதிக்குக் கிராங்க். கடையில் வரும் வண்டிகளில் 170, 172.5 மி.மீ. சாதாரணம். உள்பக்கத்தில் எண் பொறித்திருக்கும், பாருங்கள். 172.5இலிருந்து 165க்கு மாறினால் பெடல் உச்சி 7.5 மி.மீ. தாழ்கிறது, அடியும் அதே அளவு உயர்வதால் சீட்டை 7.5 மி.மீ. ஏற்ற வேண்டும். ஆக மேலே தொடைக்குக் கிடைக்கும் இடம் மொத்தம் 15 மி.மீ. சிறிய எண்தான். ஆனால் நிமிடத்துக்கு 80 தடவை மடங்கும் மூட்டுக்கு அது பெரிய சலுகை. சீட் ஏறியதால் ஹேண்டில் ஒப்பீட்டில் தாழ்ந்துவிடும் என்பதை மறக்காமல் அங்கேயும் ஒரு வளையம் சேர்த்துவிடுங்கள். செலவு கொஞ்சம் ஆகும், அதனால்தான் இதைக் கடைசியில் செய்யச் சொல்கிறேன்.

கழுத்தும் தோளும்

குலை வெட்டி வளர்ந்த கழுத்துகளுக்கு இது தனித் தொல்லை. வருடக்கணக்காக நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு மரத்தின் உச்சியையே அண்ணாந்து பார்த்தவர்கள், மறுபடியும் குனிந்த உடம்பில் தலையை மட்டும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காரணம் மேலே சொன்னதுதான்: ஹேண்டில் தாழ்வு, அல்லது தூரம். இதில் தூரத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் ஸ்டெம் நீளம்.

ஹேண்டிலைத் தொடும் முன் இரண்டு சில்லறை விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். தலைக்கவசம் நெற்றியில் இறங்கியிருந்தாலோ, அதன் முன் நிழல்தட்டி பார்வையை மறைத்தாலோ தலையை இன்னும் தூக்க வேண்டிவரும். நம் ஊர் வேர்வையில் மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியும் அதே வேலையைச் செய்யும். அதன் மேல் விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்தே கழுத்து போய்விடும்.

முட்டி வலி

முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கனமான கியரில் மல்லுக்கட்டுகிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம், அல்லது ரொம்பப் பின்னால். 5 மி.மீ. மாற்றிப் பாருங்கள்.

முதல் அரைமணி நேரம் நன்றாக இருந்து அப்புறம் முன்முட்டி வலித்தால், நான் ஒட்டச் சொன்ன டேப்பைப் பாருங்கள். சீட் தடி சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். மழையில் நனைந்து வந்த வண்டியில் இது அடிக்கடி நடக்கும். தடியைக் கழற்றித் துடைத்து, அலுமினியம் அல்லது இரும்பு என்றால் கிரீஸ், கார்பன் என்றால் அதற்கான சொரசொரப்புப் பசை தடவி மாட்டுங்கள். வருடம் ஒரு முறை கழற்றிப் போடாவிட்டால் நம் ஈரத்தில் தடி சட்டகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

உட்காரும் இடம்

மெத்தை அதிகமான சீட் வாங்காதீர்கள். எலும்பு மெத்தைக்குள் புதைந்தால் நடுவில் இருக்கும் மென்தசைதான் நசுங்கும். தேவை அகலம். ஓர் அட்டைப்பெட்டித் துண்டை மரப்பலகையில் வைத்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். அவற்றின் மையத்திலிருந்து மையம் அளந்துகொள்ளுங்கள். சீட் அதைவிடச் சில செ.மீ. அகலமாக இருக்க வேண்டும். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் அகலம். நடுவில் பள்ளம் உள்ளது நல்லது. மரத்துப்போனால் பொறுத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். எழுந்து நின்று மிதியுங்கள், வீட்டுக்கு வந்து சீட் உயரத்தையும் மட்டத்தையும் பாருங்கள்.

கால் விரல் எரிகிறது

காலணி இறுக்கம், அல்லது கிளீட், அதாவது காலணியின் அடியில் பெடலோடு மாட்டும் கட்டை, ரொம்ப முன்னால் இருக்கிறது. கிளீட்டைக் குதிகால் பக்கம் நகர்த்துங்கள். கிளீட் இல்லாமல் சாதாரணப் பெடலில் ஓட்டினாலும் குற்றமில்லை, நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி ஓட்டாத நாளிலும் பாதம் எரிந்தால், மரத்தால், கிளீட்டைக் குறை சொல்லாமல் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள்.

உடம்பு முழுக்கக் குலுங்குகிறது

குலை லாரிகள் ஓடும் தோட்டச் சாலையில் 23 மி.மீ. டயரைக் கல் மாதிரி அடித்து ஓட்டினால் எந்த ஸ்டெம்மும் காப்பாற்றாது. 28 மி.மீ. போடுங்கள்; இடமிருந்தால் 32. டயருக்கும் சட்டகத்துக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 4 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். பழைய பிரேக் வண்டிகளில் 28 நுழையாமல் போகலாம், வாங்கும் முன் அளந்துவிடுங்கள். 75 கிலோ ஆளுக்கு ட்யூப் போட்ட 28 டயரில் ஏறக்குறைய 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும், முன்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவாக. 32 என்றால் 55 பக்கம். நூறு அடித்தால்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை.

எல்லாம் செய்தும் தீரவில்லை

வளையமெல்லாம் கீழே போட்டாயிற்று, ஸ்டெம் கவிழ்ந்தாயிற்று, 80க்கும் குறைத்தாயிற்று, இன்னும் எட்டிப் பிடிக்கிறீர்கள் என்றால் சட்டகமே உங்களுக்குரியது இல்லை. எனக்கும் இது நடந்தது. முதல் வண்டியை, தள்ளுபடி விலையில் அந்த ஒரு அளவுதான் மிச்சம் என்பதற்காக ஒரு கடையில் என் தலையில் கட்டினார்கள். நானும் விலையைப் பார்த்தேனே தவிர நீளத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பாதி விலைக்கு விற்றேன்.

அடுத்த வண்டிக்குப் பெயர்ப்பலகையில் எழுதிய 52, 54, எம், எல் எதையும் நம்பாதீர்கள். தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். கிராங்க் மையத்திலிருந்து சட்டகத்தின் தலைக்குழாய் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 1.4 பக்கம் வந்தால் அது பந்தயக்காரர் வண்டி. 1.5ஐத் தாண்டினால் நமக்கானது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நிமிர்ந்து உட்காரலாம். ஒரே நிறுவனத்தில் இரண்டு வகையும் இருக்கும்: ஜயண்ட் என்றால் டிசிஆர் குனிபவர்களுக்கு, டிஃபை நமக்கு, ட்ரெக்கில் மடோன் அவர்களுக்கு, டொமானே நமக்கு. நடுவில் அளவு விழுந்தால் சின்னதை எடுப்பதா பெரியதை எடுப்பதா என்று கேட்பார்கள். ரீச் குறைவானதைத்தான் எடுப்பேன், ஸ்டாக் போதுமானதாக இருந்தால். இல்லையென்றால் வேறு மாடல்.

ஹேண்டிலின் வளைவு முன்னால் நீளும் அளவு 70 மி.மீ. பக்கம் உள்ளதாக, பிரேக் நெம்பைக் கைக்குக் கிட்டே இழுத்து வைக்க வசதி உள்ளதாகப் பாருங்கள். ஈப்போவுக்குப் போய் வாங்குபவர்கள் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்திலிருந்து அவர் படம் எடுக்கட்டும். வாகன நிறுத்துமிடத்தில் ஐந்து நிமிடம் போதாது, அரைமணி நேரம் கேளுங்கள். அப்புறம், புது வண்டியைப் பொருத்தும்போது அழகுக்காக ஃபோர்க் தடியின் நீளத்தை ரம்பத்தால் அறுத்துவிடுவார்கள். அறுத்ததை ஒட்ட முடியாது, உயர்த்த வளையம் போடவும் இடமிருக்காது. “தடியை அறுக்க வேண்டாம் பாஸ், வளையம் முழுக்கக் கீழேயே போடுங்க” என்று சொல்லிவிட்டு வெள்ளியை எண்ணிக் கொடுங்கள்.